காய்ச்சல் ஏன் எங்களையே தேடி வருகுது? முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

2009 மாசியில் தேவிபுரத்தில் பங்கர் வாசலில் நின்றபோது ஒரு செல் துண்டு என் முதுகில் ஏறியது. நெஞ்சு மட்டத்தில் நாலாவது முள்ளென்பு. ரிப்போட்டுகளில் ‘ரீ 4’ என்று எழுதுவார்கள். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். இப்போது ஒட்டுசுட்டான், மாங்குளம், நெடுங்கேணிப் பக்கம் என்னைப் போன்றவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். செல்லடி பட்டவர்கள் இருக்கிறார்கள், பனையால் விழுந்தவர்கள் இருக்கிறார்கள், ஏ9 வீதியில் மோட்டார்சைக்கிளோடு சறுக்கிய இளம் பெடியள் வருசத்துக்கு வருசம் கூடுகிறார்கள். எந்த வீட்டு முற்றத்தில் இருந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன். நான் டொக்டர் இல்லை. வாசித்தும், டொக்டர்மாரிடம் கேட்டும், சொந்த உடம்பில் பட்டும் தெரிந்துகொண்டவை இவை.

அடி பட்டது முதுகிலை. சளி, காய்ச்சல், சலக்கிருமி எல்லாம் ஏன் திரும்பத் திரும்ப வருகுது அண்ணை?

எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள் மூன்று. சலக்குழாய் வழியாகக் கிருமி ஏறும். ஒரே இடத்தில் அழுந்தித் தோல் புண்ணாகும். இருமப் பலமில்லாததால் சளி நெஞ்சில் தங்கும். மூன்றும் உண்மை. ஆனால் இவை வேலி பிரிந்து கிடக்கிற கதை. காவல் கொட்டிலில் இருப்பவனுக்கு என்ன நடந்தது என்ற கதையை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை.

முள்ளந்தண்டுக்குள்ளால் ஓடும் நரம்புக் கற்றைதான் முண்ணாண். அது கைகாலை ஆட்டுவதற்கு மட்டும் இருக்கிற வயர் இல்லை. நாம் நினைக்காமலே நடக்கிற வேலைகளுக்கான பரிவு நரம்புகளும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. பிறசர், வியர்வை, குடல் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நோய் எதிர்ப்புச் சக்தியும் (பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘நிர்ப்பீடனம்’ என்று படித்திருப்பீர்கள்) அதே கணக்குத்தான். இடப்பக்க விலாவுக்குக் கீழே இருக்கும் மண்ணீரல், இரத்தத்தின் வெண்குழியங்கள் கூடியிருந்து கிருமியை அடையாளம் காணும் இடம். நெஞ்சு முள்ளந்தண்டின் நடுப்பகுதியிலிருந்து போகும் பரிவு நரம்புகள் மண்ணீரலுக்குள் நுழைந்து, வெண்குழியங்களுக்குப் பக்கத்திலேயே முடிகின்றன. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல இருக்கும் அதிரீனற் சுரப்பிக்கும் இதே பகுதியிலிருந்துதான் நரம்பு போகிறது. எப்போது வேகம், எப்போது அடக்கம் என்று மூளை சொல்லும் சொல் இந்த வழியால் இறங்கவேண்டும். அடி அதற்கு மேலே பட்டால் அந்தச் சொல் கீழே வராது.

எல்லாருக்கும் ஒரே மாதிரியா? என்ரை மகனுக்கு இடுப்பிலைதான் அடி.

இல்லை அம்மா. மட்டம் பெரிய வித்தியாசம். கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ அடிபட்டவர்களுக்குத்தான் மண்ணீரலுக்குப் போகும் வழி முழுக்க மூளையின் பிடியிலிருந்து நழுவுகிறது. பொதுவாக ரீ 6-உம் அதற்கு மேலேயும் என்று கணக்கு வையுங்கோ. இடுப்பில் அடிபட்டவருக்கு அந்த வழி பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். எலிகளில் செய்து பார்த்த ஆய்வுகளிலும் இதே வித்தியாசம் வந்தது: நெஞ்சின் மேல்மட்டத்தில் முண்ணாணைக் காயப்படுத்திய எலிகளின் மண்ணீரல் சுருங்கி எதிர்ப்புச் சக்தி விழுந்தது, கீழ்மட்டத்தில் காயப்பட்ட எலிகளுக்கு அந்தளவு இல்லை.

உங்கள் மகனுக்குச் சலக்கிருமியும் படுக்கைப்புண்ணும் வரலாம். அது முதலில் சொன்ன வேலிக் கதை.

மூளையின்ரை கட்டளை வராட்டி மண்ணீரல் சும்மா கிடக்கும். அதாலை என்ன கெடுதி?

சும்மா கிடந்தால் பரவாயில்லையே! இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருசம் எடுத்தது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அடிக்குக் கீழே இருக்கும் முண்ணாண் செத்துப்போவதில்லை. அது உயிரோடு இருக்கிறது, மேலிருந்து பிடிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். காலப்போக்கில் அதற்குள் புதுத் தொடர்புகளும் முளைக்கின்றன. சலப்பை நிறைந்தாலோ, மலம் இறுகினாலோ, கால்விரல் நகம் தசைக்குள் வளர்ந்தாலோ அந்தச் சேதி கீழ் முண்ணாணுக்குப் போகும். போனதும் பரிவு நரம்புகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இரத்தக் குழாய்கள் இறுகிப் பிறசர் எகிறும். தலை வெடிக்கிற மாதிரி நோகும், முகம் சிவக்கும், நெற்றியிலும் கழுத்திலும் வியர்த்து ஊத்தும், கீழே தோல் குளிர்ந்து மயிர்க்கூச்செறியும், நாடி மெதுவாகும். டொக்டர்மார் இதைத் தன்னியக்க நரம்புக் குழப்பம் என்பார்கள். எங்கள் பெடியளுக்கு இது ‘பிறசர் ஏத்தம்’.

பிறசர் ஏறுவது எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத பாதி மண்ணீரலில் நடக்கிறது. அந்த நேரம் நரம்பு முனைகளிலிருந்து நோரதிரனலின் என்ற சுரப்பு அங்கே கொட்டுகிறது. இரத்தத்தில் கோட்டிசோல் வகைச் சுரப்பும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் வெண்குழியங்கள் வேலையை நிற்பாட்டும், ஒரு பங்கு செத்தே போகும். அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். பிறசர் ஏத்தம் தானாக வரத் தொடங்கிய காலமும் எதிர்ப்புச் சக்தி விழுந்த காலமும் ஒன்றாக இருந்தன. வேண்டுமென்றே குடலை விரித்து ஏத்தத்தை வரவழைத்தபோது நிலைமை இன்னும் மோசமானது.

எலியில் கண்டது மனிதனில் அப்படியே நடக்கும் என்று ஒருவரும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஆனாலும் இதை வாசித்த நாளிலிருந்து நான் சலம் எடுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவதில்லை. அதுவரைக்கும் சலப்பை நிறைந்தால் படுக்கை நனையும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

பிறசர் ஏத்தம் வந்தால் உடனை என்ன செய்யிறது?

படுத்திருந்தால் நிமிர்த்தி இருத்துங்கோ, காலைத் தொங்கப்போடுங்கோ. பெல்ற், சாரம், சப்பாத்து, காலில் கட்டிய சலம் சேரும் பையின் வார் எல்லாம் தளர்த்துங்கோ. குழாய் மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சலத்தை வெளியே எடுங்கோ. பத்தில் ஒன்பது தரம் காரணம் அங்கேதான் என்பது என் அனுபவம். அதில் இல்லை என்றால் மலம், பிறகு தோல், நகம். தணியவில்லை என்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. பக்கவாதம் வரை போகக்கூடிய விசயம் இது. தேத்தண்ணி குடித்துப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

அடிபட்ட புதிதிலை மட்டுமா, ஆயுள் முழுக்கவா?

முதல் நாட்களில் திடீர் வீழ்ச்சி ஒன்று உண்டு. வாட்டில் நிமோனியா பிடித்து எத்தனை பேர் போனார்கள் என்று வவுனியா ஆசுபத்திரியில் 2009-இல் கிடந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு ஓரளவு தேறும், முழுக்கத் திரும்பாது. இதில் ஒரு முரண் இருக்கிறது: கிருமி வரும்போது எழும்பாத அதே எதிர்ப்புச் சக்தி, ஒன்றுமில்லாத நேரத்தில் தணல் மாதிரி உள்ளே புகைந்துகொண்டும் இருக்கும். உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டும் சீஆர்பி என்ற இரத்தச் சோதனையில் பலருக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வருவது அதனால்தான்.

இது எயிட்ஸ் மாதிரியோ? மற்றவைக்குத் தொத்துமோ?

இல்லை. தொத்தவே தொத்தாது. கலியாணம் பேசுகிற இடத்தில் இதைக் கேட்டதாக ஒரு தங்கச்சி அழுதாள். அதற்காகத்தான் இந்தக் கேள்வியை விடாமல் போட்டேன்.

காய்ச்சல் இல்லை. ஆனால் ஆள் சரியில்லை. தொற்றாக இருக்குமோ?

இருக்கும். எங்கள் உடம்பில் நோவு பேசாது. குடல்வால் அழற்சி வந்தாலும் வயிறு நோகாது, சலப்பை எரிந்தாலும் எரிவு தெரியாது. காய்ச்சல்கூடச் சிலருக்குப் பிந்தித்தான் வரும். ஆகவே வேறு பாஷையில் கேட்கப் பழகவேண்டும்.

கால் வழமையைவிடக் கூட இழுக்கத் தொடங்கினால் முதலில் சலத்தைப் பாருங்கோ. நல்லாக இருந்தவருக்கு ஒரே சோர்வு, சாப்பாட்டில் மனமில்லை, காரணமில்லாமல் சிடுசிடுப்பு. வீட்டுக்காரி சண்டை பிடிக்கமுன் தேர்மோமீற்றரை எடுக்கவேண்டும். சலம் கலங்கி நாறுவது, இரண்டு எடுப்புகளுக்கு இடையில் ஒழுகுவது, புதிதாகப் பிறசர் ஏத்தம் வருவது, பின்னேரத்தில் குளிர் நடுங்குவது எல்லாம் சேதிதான். வயதானவர் திடீரென்று மாறாட்டமாகக் கதைத்தால் விடியும்வரை பொறுக்கவேண்டாம்.

சித்திரை வெய்யிலிலை உடம்பு சுடுகுது. அது காய்ச்சலோ?

இரண்டில் எதுவும் இருக்கலாம். மேல்மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு அடிக்குக் கீழே வியர்க்காது. தகரக் கூரைக்குக் கீழே இருந்தால் உடம்பும் தகரத்தோடு சேர்ந்து சூடாகும். நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து, விசிறி, தண்ணீர் கொடுத்து ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி அளவுங்கோ. இறங்கினால் வெய்யில். இறங்காவிட்டால் தொற்று என்றே எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

சலத்தைச் சோதிச்சாச்சு, கிருமி இருக்காம். ஏன் டொக்டர் மருந்து தரேல்லை?

டொக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். குழாய் பாவிக்கிற எங்கள் சலத்தில் எப்போது சோதித்தாலும் பெரும்பாலும் கிருமி இருக்கும். அது அங்கே குடியிருக்கிறது. மேலே சொன்ன அறிகுறிகளோடு வந்தால்தான் அது நோய். அறிகுறி இல்லாமல் ரிப்போட்டுக்கு மட்டும் அன்ரிபயோட்டிக் குடித்தால் இலகுவான கிருமி செத்து, மருந்துக்கு மசியாத கிருமி மிஞ்சும். பாமசியில் போய் ‘போனமுறை தந்த குளிசையைத் தாங்கோ’ என்று வாங்குவது இதிலும் மோசம். எதிர்ப்புச் சக்தி குறைந்த ஆட்களுக்கு மருந்துதான் பாதிக் காவல். அதையும் வீணாக்கிவிட்டு நிற்கக்கூடாது. மருந்து தேவைப்படுகிற நாளில், முதல் குளிசைக்கு முன்னமே கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் சோதனை) சலம் கொடுத்துவிடுங்கோ.

குழாயை நெடுகப் போட்டு வைக்கிறது நல்லதோ, நேரத்துக்கு நேரம் எடுக்கிறது நல்லதோ?

கை வேலை செய்கிறவர்களுக்கு நேரத்துக்கு நேரம் எடுப்பதே நல்லது. 1972-இல் லாப்பிடீஸ் என்ற அமெரிக்க வைத்தியர், கிருமிநீக்கிய கையுறையும் அறையும் இல்லாமல், சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையோடு சுத்தமான குழாயை விட்டு எடுத்தாலே போதும் என்று எழுதினார். அப்போது பலருக்கு அது நம்பமுடியாத கதை. சலப்பை நிறைந்து வீங்கிக் கிடப்பதுதான் கூடிய ஆபத்து என்பது அவருடைய வாதம். நாலிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம். ஒரு எடுப்பில் அரை லீற்றருக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கோ.

ஒரு குழாய் ஒருதரம் என்பதுதான் முறை. எங்களில் எத்தனை பேருக்கு அது கட்டும்? கழுவிப் பாவிக்கிறவர்கள் எடுத்த உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு உள்ளும் புறமும் கழுவி, உதறி, நன்றாகக் காயவிட்டு, சுத்தமான துணியில் சுற்றிவையுங்கோ. ஈரத்தோடு பொலித்தீன் பைக்குள் போடுவதைத்தான் பல வீடுகளில் காண்கிறேன். எங்கள் கிணத்துத் தண்ணி கல்லுத் தண்ணி. குழாயில் வெள்ளையாகப் படிந்தால் எறிந்துவிடுங்கோ.

தண்ணீர் குடித்தால் அடிக்கடி எடுக்கவேண்டும் என்று குடிக்காமல் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: கல்லும் கிருமியும் அங்கேதான் பிறக்கின்றன.

படுக்கைப்புண்ணுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் தொடர்பு இருக்கோ?

இரண்டு பக்கமும் இருக்கு. சக்தி குறைந்தால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் அதால் வடிகிற புரதத்தோடு சக்தியும் போகும். எலும்புவரை போன புண், வெளியே பார்த்தால் ஐந்து ரூபாய்க் குற்றியளவு இருக்கும். உள்ளே கை நுழையும்.

படுக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டல், நாற்காலியில் கால் மணித்தியாலத்துக்கும் அரை மணித்தியாலத்துக்கும் இடையில் ஒருதரம் கையூன்றி எழும்பல் அல்லது முன்னுக்குக் குனிதல். இரவில் கண்ணாடியோ கைத்தொலைபேசிக் கமராவோ வைத்து இருக்கையெலும்பையும் குதிக்காலையும் பாருங்கோ. சிவந்த இடம் அழுத்தி விட்டால் வெளிறவேண்டும். வெளிறாவிட்டால் அந்த இடத்தில் பாரம் போடவேண்டாம், வேலை இருந்தாலும் சரி, கலியாண வீடு இருந்தாலும் சரி. லொறி ரியூப்பைக் காற்றடித்து அதில் இருப்பது பழைய வழக்கம். அது நடுவைக் காப்பாற்றப்போய், வளையம் முட்டுகிற இடமெல்லாம் இரத்த ஓட்டத்தை நெரிக்கிறது. கைவிடுங்கோ.

இந்த இரண்டு மணித்தியாலக் கணக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். முதலாம் உலகப் போரில் முண்ணாண் அறுந்த படையாட்களில் பெரும்பாலானோர் புண்ணாலும் சலக்கிருமியாலும் சில மாதங்களுக்குள்ளேயே செத்துப்போனார்கள். அவர்களைக் காப்பாற்றமுடியும் என்றே யாரும் நினைக்கவில்லை. நாசிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத வைத்தியர் லூட்விக் குட்மன் 1944-இல் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் ஒரு வாட்டைப் பொறுப்பெடுத்து, இரவிலும் எழுப்பி ஆட்களைப் புரட்டவைத்தார். 1948-இல் அதே முற்றத்தில் 16 பேரை வில்வித்தைப் போட்டிக்கு இறக்கினார். பராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. இடம்பெயர்ந்து வந்த ஒருவர் தொடங்கிய வேலை என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

சளி பிடிச்சால் ஏன் இவ்வளவு பயப்படுத்திறியள்?

முண்ணாண் அடிபட்டவர்களின் உயிரை எடுக்கும் நோய்களில் நிமோனியாவுக்கு உலகம் முழுக்க முன்வரிசை. கழுத்திலும் மேல் நெஞ்சிலும் அடிபட்டால் வயிற்றுத் தசையும் விலாத் தசையும் வேலை செய்யாது; இருமல் ஒரு முனகலாகத்தான் வரும். இருமும்போது விலாவுக்குக் கீழே கைகளை வைத்து மேல்நோக்கித் தள்ளிக் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. பிசியோவிடம் வீட்டார் ஒருதரம் கேட்டுப் பழகுங்கோ, வாசித்துப் பழகும் வேலை இல்லை. பின்னேரம் குப்பை கொளுத்துகிற புகை, நுளம்புக்குப் போடுகிற வேப்பம்புகை, சிகரெட் மூன்றும் நெஞ்சுக்கு ஒன்றுதான். தடிமனோடு வருகிற விருந்தாளியைத் திண்ணையோடு அனுப்புவது மரியாதைக் குறைவு இல்லை.

தடுப்பூசி போடலாமோ?

போடலாம், போடவேண்டும். இன்புளுவென்சா ஊசி வருடம் ஒருதரம், நிமோகொக்கஸ் ஊசி, கொவிட் ஊசி, ஏற்பு ஊசி ஆகியவற்றைப்பற்றிக் கிளினிக்கில் கேளுங்கோ. கழுத்தில் அடிபட்டவர்கள் முதல் ஆளாகக் கேட்கவேண்டும். காய்ச்சல் நாளில் போகவேண்டாம்.

மாரியிலை வயல் பக்கம் போகலாமோ?

போகாதே என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? காலபோகம் விதைத்த வீட்டில் நாற்காலிக்காரனும் வரம்புக்கு வருவான். ஆனால் மூன்றைத் தெரிந்துகொண்டு போங்கோ.

எலிக்காய்ச்சல் ஒன்று. தேங்கிய தண்ணீரில் எலிச்சலம் கலந்து, வெடித்த தோலால் ஏறும். எங்களுக்குக் காலில் கீறல் பட்டாலும் தெரியாது. வயலில் இறங்கும் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பார்கள். உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கோ. இரண்டாவது மெலியோய்டோசிஸ். பெயர் புதிதாக இருக்கும், கிருமி பழையது. இலங்கை மண்ணிலும் சேற்றிலும் இருக்கிறது, மழையோடு கூடும், சீனி வருத்தக்காரரை விசேடமாகத் தேடும். நிமோனியாவாகவும் வரும், ஆறாத சீழ்க்கட்டியாகவும் வரும். சாதாரண அன்ரிபயோட்டிக் பலதுக்கு மசியாது. மாதக்கணக்கில் மருந்து எடுக்கவேண்டும். ஆகவே மாரியில் புண்ணோடு சேற்றுப் பக்கம் போகவேண்டாம், மூடிக் கட்டினாலும் போகவேண்டாம். மூன்றாவது டெங்கு. பகலில் கடிக்கிற நுளம்பு, எங்கள் காலில் இருந்து ஆறுதலாகக் குடிக்கும், கால் உதறுவதில்லையே.

எதிர்ப்புச் சக்தி கூட என்ன சாப்பிடலாம்? பேஸ்புக்கிலை ஒரு பவுடர் போகுது.

அந்தப் பவுடர் காசுக்கு ஒரு கிழமை முட்டை வாங்கலாம். புண் இருக்கிறவருக்குப் புரதம்தான் மருந்து: முட்டை, குளத்து மீன், கௌபி, பயறு, பால். முருங்கையிலை வேலியிலேயே நிற்கிறது. எந்தச் சாப்பாடும் அறுந்த நரம்பை மண்ணீரலுக்கு இழுத்துக் கட்டாது. சாப்பிடாமல் விட்டால் மிஞ்சியதும் போகும் என்பது மட்டும் நிச்சயம்.

இதுக்கு மருந்து கண்டுபிடிக்கினமோ?

தேடுகிறார்கள். மட்டுமீறிக் கிளம்பும் அந்தக் கீழ் முண்ணாண் நரம்புகளை அடக்கினால் மண்ணீரல் தேறுகிறது என்று 2016-இல் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். எங்கள் கிளினிக்குக்கு வருகிற மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

காய்ச்சலோடை ஆசுபத்திரிக்குப் போனால் என்ன சொல்லவேணும்?

ஒருமுறை நான் காய்ச்சலோடு ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். பிறசர் 140. ‘பிறசர் நல்லாயிருக்கு, வைரஸ் காய்ச்சல்’ என்று பனடோல் தந்து அனுப்பினார்கள். என் வழமையான பிறசர் 95. எனக்கு 140 என்பது வீட்டுக்கூரை எரிகிற அளவு. என்னைப் புரட்டிப் பார்க்கவும் இல்லை. நாரியில் புண் சீழ்பிடித்திருந்தது மூன்றாம் நாள் மனைவி கழுவும்போதுதான் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

மாங்குளத்தில் புனர்வாழ்வுப் பிரிவு இருக்கிறது, ராகமவில் பெரிய புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, எங்கள் ஆட்களே நடத்தும் உயிரிழை அமைப்பு இருக்கிறது. அங்கெல்லாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் நடுச்சாமத்தில் கிட்ட இருக்கிற வைத்தியசாலைக்குத்தான் போவோம். ஆகவே இப்போது நாற்காலிப் பையில் ஒரு மட்டை வைத்திருக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி லமினேற் பண்ணியது. அதில் உள்ளது இது:

‘எனக்கு ரீ 4 மட்டத்தில் முண்ணாண் பாதிப்பு. எனது வழமையான பிறசர் 95. 120-க்கு மேல் போனால் அது எனக்கு மிகவும் கூடுதல். சலப்பையையும் குடலையும் பாருங்கள். எனக்கு நோவு தெரியாது. தயவுசெய்து என்னைப் புரட்டி முதுகையும் இருக்கையையும் பாருங்கள். கல்ச்சருக்குச் சலம் எடுத்தபின் மருந்து தொடங்குங்கள். முள்ளந்தண்டில் செல் துண்டு இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கமுன் சொல்லவும்.’

கீழே மனைவியின் தொலைபேசி எண்.